ஆட்டுக் கொழுப்பை வீணாக்கலாமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் கிராமங்களின் சாலையோர இறைச்சிக் கடைகளில் சிறு கூட்டம் கூடுவதை எல்லோரும் கண்டிருக்கலாம். வெயில் ஏறுவதற்குள் கறி விற்றுத் தீர்ந்துவிடும். தலை, கால், குடல், ஈரல் ஆகியவையும் விலைபோய்விடும். குடலையும் சிறுநீரகத்தையும் சுற்றியிருந்த வெண்ணிறக் கொழுப்பு மட்டும் பெரும்பாலும் மீந்து கிடக்கும். கடைக்காரர் அதில் ஒரு பகுதியைக் கறியோடு சேர்த்து நிறுக்கப் பார்ப்பார். வாங்குபவர் வேண்டாமென்று தள்ளுவார். கடைசியில் அது கடைக்குப் பின்னுள்ள பள்ளத்திலோ கழிவுநீர்க் கால்வாயிலோ போய்ச் சேரும்.

எங்கள் ஒன்றியத்தைச் சேர்ந்த ஓர் ஊராட்சியில், கால்வாய் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது என்றும், நாய்களின் தொல்லை தாங்க முடியவில்லை என்றும் மக்கள் முறையிட்டனர். நேரில் சென்று பார்த்தேன். தூய்மைக் காவலர்கள் வாரிப்போட்ட அடைப்பில் பாதிக்கு மேல் கெட்டியாய் உறைந்த கொழுப்பே இருந்தது. நாய்கள் அங்கே கூடுவதற்கும் அதுவே காரணம். அருகில் நின்ற மூதாட்டி ஒருவர், "எங்கள் காலத்தில் இதை உருக்கிக் கலயத்தில் எடுத்து வைப்போம், ஐயா. இப்போது சாக்கடைக்குத் தீனியாகப் போகிறது" என்றார். அவர் கூறியது முற்றிலும் உண்மை. முன்னோர் அறிந்து பயன்படுத்திய ஒரு பொருள் இன்று கால்வாயை அடைக்கிறது. அப்பொருளைத் தூய்மையாக உருக்கும் முறையையும், அடுக்களையிலும் வீட்டிலும் அதைப் பயன்படுத்தும் வகையையும், அவ்வாறு பயன்படுத்துங்கால் மறக்கக் கூடாத ஒரு நேர்மையையும் இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறேன்.

கொழுப்பு என்பது யாது?

வெண்ணெயை உருக்கி நெய்யாக்குவதை அறியாத வீடு நம் நாட்டில் இல்லை. வெண்ணெயில் கொழுப்போடு நீரும் மோரின் பகுதியும் கலந்திருக்கின்றன. அடுப்பில் வைத்தால் நீர் சடசடவென்று ஓசையிட்டு ஆவியாகிறது; மோர்ப்பகுதி அடியில் கசடாகத் தங்குகிறது; தெளிந்த நெய் மேலே நிற்கிறது. இறைச்சிக் கொழுப்பை உருக்குவதும் இத்தகைய செயலே. பச்சைக் கொழுப்பு மெல்லிய சவ்வுப் பைகளுக்குள் அடைபட்டிருக்கிறது. அதனோடு நீரும் சிறிது இரத்தமும் தசையும் ஒட்டியிருக்கின்றன. விரைவில் அழுகுவன அவையே, கொழுப்பன்று. அவற்றை நீக்கிவிட்டால் கொழுப்பு நெடுநாள் கெடாமல் இருக்கும்.

எல்லாக் கொழுப்பும் ஒரே தன்மையுடையதன்று. ஆட்டுக் கொழுப்பு மிகவும் கெட்டியானது. ஏறக்குறைய 45 முதல் 50 பாகை செல்சியஸ் வெப்பத்தில்தான் நன்கு உருகும். பன்றிக் கொழுப்பு அதைவிட மென்மையானது. கோழிக் கொழுப்பு நம் நாட்டு வெயிலில் பாதி உருகிய நிலையிலேயே இருக்கும். எக்கொழுப்பை எதற்குப் பயன்படுத்தலாம் என்பது இந்த வேறுபாட்டையே பொறுத்தது.

உருக்கும் முறை

முதலில் ஓர் எச்சரிக்கை. அன்று அறுத்த, நோயற்ற பிராணியின் கொழுப்பையே எடுக்கவேண்டும். தானாக மாண்டுபோன ஆட்டையோ மாட்டையோ அறுப்பதும், தோலுரிப்பதும், அதன் கொழுப்பை எடுப்பதும் பேராபத்து. அடைப்பான் நோயால் இறந்த பிராணியின் உடலிலுள்ள கிருமிவித்துகள் சாதாரணக் கொதிநிலையிலும் எளிதில் அழிவதில்லை. அந்நோய் மனிதரையும் பற்றும். அத்தகைய உடலைத் திறவாமல் கால்நடை மருத்துவருக்குத் தெரிவித்து, அவர் கூறும் முறைப்படி ஆழப் புதைப்பதே கடமை.

நல்ல கொழுப்பு கிடைத்தால் அன்றைக்கே உருக்கிவிடவேண்டும். ஒட்டியிருக்கும் தசை, இரத்தக்கட்டி ஆகியவற்றைக் களைந்து, குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று முறை கழுவி, சுண்டைக்காய் அளவுத் துண்டுகளாக நறுக்குக. துண்டு சிறிதானால் கொழுப்பு விரைவில் வெளிப்படும், கருகவும் செய்யாது. 1 கிலோ கொழுப்புக்கு ஒரு டம்ளர் நீர் வீதம் அடிகனமான பாத்திரத்தில் விட்டு, சிறுதீயில் வைக்கவேண்டும். தொடக்கத்தில் கொழுப்பு பாத்திரத்தில் ஒட்டிக் கருகாமல் காப்பது அந்நீரே. வாடை பிடிக்காதவர்கள் ஒரு துண்டு இஞ்சியும் சிறிது மஞ்சளும் சேர்க்கலாம்.

அவ்வப்போது கிளறிக்கொண்டே இருந்தால், ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரத்தில் துண்டுகள் சுருங்கிப் பொன்னிறமாகும். நீர் முழுவதும் ஆவியானவுடன் சடசடப்பு அடங்கிவிடும். நெய்க்குப் பதம் பார்ப்பது போலவே இதற்கும் அதுதான் பதம். உடனே இறக்கிச் சற்று ஆறவிட்டு, ஈரமில்லாத வெள்ளைத் துணியில் வடிகட்டுக. 1 கிலோ பச்சைக் கொழுப்பிலிருந்து ஏறக்குறைய முக்கால் கிலோ தெளிந்த கொழுப்பு கிடைக்கும். துணியில் தங்கும் மொறுமொறுப்பான திப்பியைச் சின்ன வெங்காயம், மிளகு, உப்பு சேர்த்து வதக்கி உண்பது பல ஊர்களில் வழக்கம். அதைக் கறவை மாடுகளுக்குத் தீவனமாக இடலாகாது.

தீயைப் பற்றியும் கவனம் வேண்டும். கொழுப்பை அடுப்பில் விட்டு வேறு வேலைக்குச் செல்லக் கூடாது. புகை கிளம்பினால் தீ மிகுந்துவிட்டது என்று பொருள். ஒருகால் பாத்திரத்திலேயே தீப்பற்றினால் நீரை ஊற்றவே கூடாது. நீர் கணத்தில் ஆவியாகி, எரியும் கொழுப்பை நாற்புறமும் வீசியெறியும். அடுப்பை அணைத்துத் தட்டையான மூடியால் பாத்திரத்தை மூடிவிட்டால் காற்றின்றித் தீ அணையும்.

கெடாமல் காத்தல்

காற்று, வெளிச்சம், ஈரம் ஆகிய மூன்றும் கொழுப்பின் பகைகள். இவை பட்டால் கொழுப்புக் காறிப்போகும். இரும்பும் செம்பும் அதை விரைவுபடுத்தும். ஆதலின் பீங்கான் சாடி, கண்ணாடிப் புட்டி, எவர்சில்வர் டப்பா இவற்றில் ஒன்றில் ஈரமின்றி ஊற்றி, இறுக மூடி, அடுப்புக்குத் தொலைவில் நிழலான இடத்தில் வைக்கவேண்டும். எடுக்கும் கரண்டியில் ஒரு சொட்டு நீரும் இருத்தலாகாது. குளிர்பதனப் பெட்டி உள்ள வீட்டார் அதில் வைத்தால் இன்னும் நல்லது. காறல் வாடை வந்ததை உணவில் சேர்க்கக் கூடாது, கருவிகளுக்குப் பூசிவிடலாம்.

சமையலில்

ஆட்டுக்கறிக் குழம்பு, சுக்கா வறுவல் முதலியவற்றுக்குத் தாளிக்க எண்ணெய்க்குப் பதிலாக ஒரு கரண்டிக் கொழுப்பைப் பயன்படுத்தலாம். சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் அதில் வதங்கினால் குழம்பு தனி மணம் பெறும். கறியிலேயே கொழுப்பு மிகுதியாக இருந்தால் வேறு எதுவும் சேர்க்கத் தேவையில்லை. ஆட்டுக் கொழுப்பு உடலின் வெப்பத்தைவிட மிகுந்த வெப்பத்திலேயே உருகுவதாகையால், ஆறிய உணவில் அது உறைந்து வாயின் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எனவே அத்தகைய உணவைச் சூடாக உண்பதே முறை. கோழிக் கொழுப்புக்கு இக்குறை இல்லை. அது முட்டைப் பொரியலுக்கும் வறுவலுக்கும் ஏற்றது.

ஆனால் கிடைக்கிறதே என்று அளவின்றிச் சேர்ப்பது அறிவுடைமையாகாது. எக்கொழுப்பாயினும் 1 கிராம் 9 கலோரி சக்தி தருவது. ஆட்டுக் கொழுப்பில் ஏறக்குறையப் பாதி நிறைவுற்ற கொழுப்பு வகை. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் இது ஐந்தில் ஒரு பங்கோ அதற்குக் குறைவோதான் உள்ளது. தேங்காய் எண்ணெயிலோ பத்தில் ஒன்பது பங்கு. நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தால் இரத்தத்தில் தீய கொலஸ்ட்ரால் கூடும். நாள் ஒன்றுக்குப் பெறும் சக்தியில் நிறைவுற்ற கொழுப்பின் பங்கு நூற்றுக்குப் பத்துக்கு மேற்படக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. 2000 கலோரி உண்பவருக்கு இது ஏறக்குறைய 22 கிராம். பால், நெய், எண்ணெய், இறைச்சி யாவும் அதில் அடக்கம். ஆகவே, கறி சமைக்கும் நாளில் எண்ணெய்க்கு மாற்றாகச் சிறிதளவு என்பதே தக்க அளவு. எண்ணெயோடு கூடுதலாக அன்று. இருதய நோயும் சர்க்கரை நோயும் உடையவர்கள் மருத்துவரைக் கேட்டே நடக்கவேண்டும்.

சோப்புச் செய்தல்

உணவுக்குக் கொஞ்சமே தேவையெனில் மிகுந்த கொழுப்பை என்செய்வது? அதற்குச் சிறந்த வழி சோப்பு. கொழுப்பைக் காரத்தோடு சேர்த்தால் அது சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறும். கொழுப்பின் அமைப்பை ஆராய்ந்து தெளிவுபடுத்தியவர் பிரெஞ்சு இரசாயன அறிஞர் ஷெவ்ரேல். அவருடைய நூல் 1823-இல் வெளிவந்தது.

சோப்புக்கு எடுக்கும் கொழுப்பை இன்னொரு முறை தூய்மை செய்வது நலம். அதற்குச் சம அளவு நீரும் ஒரு கரண்டி உப்பும் சேர்த்துக் கொதிக்கவைத்து ஆறவிட்டால், கொழுப்பு மேலே பாளமாக உறையும். அழுக்கு நீரில் இறங்கும். பாளத்தை எடுத்து அடிப்பக்கத்தைச் சுரண்டிவிட்டால் வாடை பெரும்பாலும் நீங்கும்.

ஆட்டுக் கொழுப்புச் சோப்பு உறுதியானது. ஆனால் நுரை குறைவு. உப்புநீர்க் கிணறுகள் மிகுந்த நம் பக்கத்தில் இது ஒரு குறையே. அதனால் நாலில் ஒரு பங்கு தேங்காய் எண்ணெய் சேர்ப்பர். அளவு வருமாறு: தூய ஆட்டுக் கொழுப்பு 750 கிராம், தேங்காய் எண்ணெய் 250 கிராம், காஸ்டிக் சோடா 140 கிராம், நீர் 350 கிராம். யாவற்றையும் தராசில் நிறுத்தே எடுக்கவேண்டும். கையளவும் டம்ளரளவும் இங்கே உதவா. காரம் மிகுந்தால் சோப்பு தோலைப் புண்ணாக்கும்.

காஸ்டிக் சோடா கொடிய காரம். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, குழந்தைகளை அப்பால் அனுப்பி, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யவேண்டும். எவர்சில்வர் அல்லது தடித்த பிளாஸ்டிக் பாத்திரமே தக்கது. அலுமினியத்தைக் காரம் அரித்துவிடும். நீரில்தான் காரத்தைச் சிறிது சிறிதாக இடவேண்டும். காரத்தின்மேல் நீரை ஊற்றினால் அது பொங்கித் தெறிக்கும். கரைசல் கொதிநீர்போல் சூடேறும். அது ஆறி, உருகிய கொழுப்பும் ஏறக்குறைய 50 பாகை வெப்பத்துக்கு வந்தபின், கரைசலைக் கொழுப்பில் மெல்லிய தாரையாக ஊற்றிக் கிளறுக. கலவை இட்லி மாவைப்போல் தடித்து, கரண்டியிலிருந்து விழும் கோடு மேலே தெரியும்போது அச்சில் ஊற்றி மூடிவைக்கவேண்டும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ கையுறையோடு துண்டு போட்டு, காற்றோட்டமான நிழலில் 4 முதல் 6 வாரம் உலரவிடவேண்டும். துண்டில் ஈரக்குமிழோ கரையாத காரத்துகளோ தென்பட்டால் அதைப் பயன்படுத்தலாகாது. காரம் தோலிலோ கண்ணிலோ பட்டால் ஓடும் நீரில் 15 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவவேண்டும். கண்ணில் பட்டிருந்தால் கழுவியபின் மருத்துவமனைக்கு விரையவேண்டும்.

தம் வீட்டுத் துணி வெளுக்கச் செய்வதில் தடையில்லை. விற்பனைக்குச் செய்ய விரும்பும் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முன்னதாகப் பயிற்சியும், சட்டப்படி வேண்டிய உரிமமும் பெறவேண்டும்.

கருவிகளுக்கு

முன்னாளில் கவலை இறைத்தவர்கள் சாலின் தோல் வெடிக்காதிருக்க எண்ணெயோ கொழுப்போ தேய்ப்பதுண்டு. இன்று கவலை மறைந்து மின்பம்பு வந்துவிட்டது. எனினும் தோற்செருப்பு, தோல்வார் ஆகியவற்றுக்குக் கொழுப்புப் பூச்சு இன்னும் பயன்படும். மழைக்காலத்தில் எடுத்து வைக்கும் மண்வெட்டி, அரிவாள், களைக்கொத்து ஆகியவற்றைத் துடைத்துக் காயவைத்து, மெல்லிய பூச்சாகத் தடவிவைத்தால் துருப்பிடிக்காது. உப்பிட்டுத் தூய்மை செய்த கொழுப்பில் உப்பு எஞ்சியிருந்தால் அதுவே துருவை வளர்க்கும். ஆதலின் அதை நன்னீரில் ஒருமுறை உருக்கியெடுத்த பின்னரே இதற்குக் கொள்ளவேண்டும். கதவுக் கீலுக்கும் கிணற்று உருளைக்கும் சிறிது பூசலாம். மிகுதியாகப் பூசினால் எலியும் எறும்பும் வரும். மின்மோட்டார், டிராக்டர் முதலிய இயந்திரங்களுக்கு இது ஏற்றதன்று. அவற்றுக்குரிய மசகையே இடவேண்டும்.

பெயரை மறைக்கலாகாது

இனி, இக்கட்டுரையின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். கொழுப்பு உருகித் தெளிந்தபின் வெள்ளையாக உறைந்து, நெய்யோ வனஸ்பதியோ என்று மயங்கச் செய்யும் தோற்றம் பெறுகிறது. பயனும் பழியும் அங்கேதான் தொடங்குகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரில் நடந்த விருந்துக்கு நான் சென்றிருந்தேன். சமையலுக்கு உதவிய இளைஞர் பெயர் எழுதாத ஒரு டப்பாவைத் திறந்து, வனஸ்பதி என்றெண்ணி, அதிலிருந்ததை வெண்பொங்கலில் ஊற்றிவிட்டார். அது ஆட்டுக் கொழுப்பு. பந்தி முடிந்த பிறகே உண்மை தெரிந்தது. உண்டவர்களுள் வாழ்நாளில் புலால் தொடாத ஒரு பெரியவரும் இருந்தார். அவர் யாரையும் ஏசவில்லை. அவ்விளைஞரை அழைத்து, "தெரிந்திருந்தால் வீட்டில் மோர்சாதம் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பேனே, தம்பி" என்று மட்டும் கூறிவிட்டு எழுந்து சென்றார். அதன்பின் அவர் ஊரில் எந்தப் பந்தியிலும் அமரவில்லை என்று அறிந்தேன். ஒரு டப்பாவின்மேல் ஒரு சொல் எழுதியிருந்தால் அவர் இன்றும் பந்தியில் அமர்ந்திருப்பார். டப்பாவின் சொந்தக்காரர் மனதில் வஞ்சகம் ஏதுமில்லை. எழுதத் தோன்றவில்லை, அவ்வளவே.

நாட்டு வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. 1857-இல் என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டா உறையில் பசுவின் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் பூசப்பட்டிருப்பதாகப் பரவிய செய்தி, ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த சிப்பாய்களின் சினத்தைக் கொழுந்துவிட்டெரியச் செய்தது. 1983-இல் வனஸ்பதியில் மாட்டுக் கொழுப்புக் கலந்ததாக எழுந்த புகார் நாடெங்கும் கொதிப்பை உண்டாக்கியது. வனஸ்பதியை நெய்யில் கலந்து ஏமாற்றாதிருக்கவே, அதில் நூற்றுக்கு ஐந்து பங்கேனும் நல்லெண்ணெய் சேர்க்கவேண்டுமென்று சட்டம் விதித்தது. நல்லெண்ணெயைச் சோதனையால் எளிதில் கண்டுகொள்ளலாம் என்பதே காரணம். உணவில் என்ன இருக்கிறது என்று அறிவது உண்பவரின் உரிமை. அதை மறைப்பது அவருடைய நம்பிக்கையைத் திருடுவதாகும்.

ஆகவே உருக்கிய கொழுப்பை வைக்கும் பாத்திரத்தின்மேல் எப்பிராணியின் கொழுப்பு, எந்நாளில் உருக்கியது என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டவேண்டும். அதற்கெனத் தனிக் கரண்டி வைக்கவேண்டும். நெய்யிருக்கும் அலமாரியில் வைக்கலாகாது. விருந்தினருக்கு இடுமுன் சொல்லவேண்டும். ஆட்டை உண்பவர் பன்றியை உண்ணாதிருக்கலாம். பன்றியை உண்பவர் மாட்டை உண்ணாதிருக்கலாம். கொழுப்பு என்ற பொதுப்பெயர் போதாது. நெய்யிலோ எண்ணெயிலோ கலந்து விற்பது 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கொழுப்பையே உணவுப் பொருளாக விற்பவர் அச்சட்டப்படி பதிவு பெற்று, பொட்டலத்தில் அசைவத்துக்குரிய பழுப்பு முக்கோணக் குறியும் இடவேண்டும்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

இவ்விஷயத்தில் பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்யக்கூடியவை சில. இறைச்சிக் கடைக்காரர்களை அழைத்துப் பேசி, கொழுப்பைக் கால்வாயில் எறியாமல் மூடியுள்ள வாளியில் தனியே சேர்க்கச் செய்யலாம். விரும்புவோர் அன்றே அதைப் பெற்றுச்செல்ல ஏற்பாடு செய்யலாம். எவரும் பெறாது மிஞ்சியதைக் குடிநீர்க் கிணற்றுக்குத் தொலைவில் குழிவெட்டிப் புதைக்கச் செய்யலாம். வீடுகளிலும் உணவுக் கடைகளிலும் உபயோகித்த கொழுப்பையும் எண்ணெயையும் சூடாகச் சாக்கடையில் ஊற்றும் வழக்கத்தைக் கிராம சபையில் எடுத்துரைத்துத் தடுக்கலாம். ஊற்றும்போது நீர்போல் ஓடுவது, சிறிது தூரம் சென்றதும் கல்போல் உறையும் என்பதை மக்கள் உணர்ந்தால் போதும்.

தொடக்கத்தில் கூறிய ஊராட்சியில் இப்போது கடைக்காரர் கொழுப்பை வாளியில் சேர்க்கிறார். அம்மூதாட்டியின் வீட்டுத் திண்ணையில் ஞாயிறு பிற்பகலில் நான்கைந்து பெண்கள் கூடி உருக்குகின்றனர். கால்வாய் அடைப்பு குறைந்திருக்கிறது. நான் அண்மையில் சென்றபோது அவர் தம் அடுக்களையிலிருந்து ஒரு பீங்கான் சாடியைக் கொண்டுவந்து காட்டினார். எழுதப் படிக்கத் தெரியாத அவர், பேரனைக் கொண்டு அதன்மேல் ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருந்தார். அதில் "ஆட்டுக் கொழுப்பு" என்று தெளிவாக இருந்தது. நம் ஊர்கள் ஒவ்வொன்றிலும் அத்தகைய சாடியும் அத்தகைய சீட்டும் இருக்குமாயின், வீணாவதும் குறையும், மனவருத்தமும் நேராது.